ரூ.499-ஆ, ரூ.65,000-ஆ? ஆன்லைன் கோர்ஸ் வாங்குமுன் எதைப் பார்ப்பது

கேள்வி: வீரவநல்லூர் வாசகி, ஜூன் 14, 2025

பி.காம் முடித்துவிட்டு திருநெல்வேலி வண்ணார்பேட்டையில் ஒரு ஆடிட்டர் ஆபீசில் இருக்கிறேன். டேட்டா அனலிடிக்ஸ், அதாவது தரவை அலசும் வேலை, படித்தால் சம்பளம் கூடும் என்கிறார்கள். மூன்று கோர்ஸ் பார்த்து வைத்திருக்கிறேன். உடெமியில் ஒன்று, தள்ளுபடியில் ரூ.499. கோர்செராவில் ஒன்று, மாதச் சந்தா. மூன்றாவது, போனில் கூப்பிட்டுப் பேசிய ஒரு நிறுவனத்தின் கோர்ஸ். ரூ.65,000, ஈஎம்ஐ உண்டு, வேலையும் வாங்கித் தருவார்களாம். காசு கூட என்றால் தரமும் கூட இருக்கும் என்கிறார் அப்பா. அக்கா, எதை வாங்க?

ஜூன் 14, இரவு

இன்றைக்கு எதையும் வாங்க வேண்டாம் தங்கச்சி. உடெமியில் தள்ளுபடி அடிக்கடி வந்துகொண்டே இருக்கும். இன்னும் 5 மணி நேரம்தான் என்று ஓடும் கடிகாரத்தைப் பார்த்துப் பதறாமல் அந்தக் கோர்ஸை விருப்பப் பட்டியலில் போட்டு வையுங்கள்.

அப்பா சொன்னதற்கு வருகிறேன். வீடியோவுக்கு என்று இன்றைக்குத் தனி விலை கிடையாது. எக்செல், தரவுத்தளத்திலிருந்து தகவல் எடுக்கும் எஸ்க்யூஎல், தரவை வரைபடமாக்கும் பவர் பிஐ மூன்றுக்கும் நல்ல பாடங்கள் யூடியூபில் சும்மாவே கிடக்கின்றன. அப்படியென்றால் ரூ.65,000 எதற்கு? நீங்கள் செய்த பயிற்சியை ஒரு ஆள் உட்கார்ந்து பார்த்து, இந்த இடத்தில் தப்பு, இதனால் தப்பு என்று சொல்வதற்கா? அதற்குத்தான் என்றால் கொடுப்பதில் நியாயம் உண்டு. அந்த ஆள் இல்லையென்றால் மீதி எல்லாம் வீடியோவும் விளம்பரச் செலவும்தான்.

மூன்று கோர்ஸிடமும் ஒரே கேள்வி கேளுங்கள்: என் வேலையைத் திருத்துவது யார்? உடெமியில் பெரும்பாலும் யாரும் இல்லை. கேள்வி பதில் பகுதியில் எழுதிக் கேட்கலாம், ஆசிரியருக்கு மனமிருந்தால் பதில் வரும். கோர்செராவில் வினாடி வினாவை இயந்திரம் திருத்தும், சில பயிற்சிகளை உங்களோடு படிக்கும் மற்ற மாணவர்கள் திருத்துவார்கள். மூன்றாவது இடத்தில் என்ன ஏற்பாடு என்று போனில் கேட்காமல் மின்னஞ்சலில் கேளுங்கள். பதில் எழுத்தில் இருக்க வேண்டும்.

ஜூன் 15

கோர்ஸ் பக்கத்தை மூடிவிட்டு வேலை விளம்பரங்களைத் திறங்கள். கங்கைகொண்டான், தென்காசி, சென்னை, வீட்டிலிருந்தே வேலை என்று உங்களுக்குத் தோதான இடங்களைத் தேடி, பத்துப் பன்னிரண்டு விளம்பரங்களைச் சேர்த்து, திரும்பத் திரும்ப வரும் சொற்களை ஒரு தாளில் எழுதுங்கள்.

நான் கல்லிடைக்குறிச்சிப் பக்கம் ஒரு அரிசி ஆலையில் கணக்குப் பார்த்துக்கொண்டே படித்தவள். அப்போது எல்லோரும் பைத்தான், பைத்தான் என்று ஒரு நிரல்மொழியைச் சொன்னார்கள். நான் சேர்த்த விளம்பரங்களில் எக்செலும் எஸ்க்யூஎல்லும்தான் எல்லாவற்றிலும் இருந்தன, பவர் பிஐ பாதிக்கு மேல் இருந்தது. பைத்தான் 'தெரிந்தால் நல்லது' என்ற வரியில் கிடந்தது. அதனால் பைத்தானைப் பின்னால் தள்ளினேன். உங்கள் தாளில் வேறு மாதிரி வரலாம். ஆடிட்டர் ஆபீஸ் அனுபவம் இருப்பதால் ஜிஎஸ்டி, டேலி என்று கேட்கும் அனலிஸ்ட் வேலைகளையும் விடாமல் பாருங்கள். அங்கே வெறும் கோர்ஸ் முடித்தவர்களைவிட நீங்கள் ஒரு படி முன்னால் இருக்கிறீர்கள்.

ஜூன் 15, அப்புறம் தோன்றியது

பவர் பிஐ உங்கள் தாளில் வந்தால் இன்னொரு வழி இருக்கிறது. மைக்ரோசாஃப்ட் அதற்கென்று பிஎல்-300 என்ற தேர்வு நடத்துகிறது. தேர்வுக்குக் கட்டணம் உண்டு, ஆனால் அதில் எதையெல்லாம் கேட்பார்கள் என்ற பட்டியலை மைக்ரோசாஃப்ட் லேர்ன் தளத்தில் எல்லோரும் பார்க்கலாம்: தரவைத் தயார் செய்வது, அட்டவணைகளை இணைத்து மாடல் அமைப்பது, வரைபடமாகக் காட்டி அலசுவது, நிர்வாகமும் பாதுகாப்பும். மூன்று கோர்ஸின் பாடத்திட்டத்தையும் இதன் பக்கத்தில் வைத்து டிக் போடுங்கள். பல கோர்ஸ்கள் வரைபடம் போடுவதிலேயே முக்கால்வாசி நேரத்தைக் கழித்துவிட்டு, மாடல் அமைப்பதை இரண்டு வீடியோவில் முடித்துவிடும். வேலையில் உயிரை எடுப்பது அந்த மாடல் பகுதிதான்.

தேர்வை எழுதியே ஆக வேண்டும் என்று நான் சொல்லவில்லை. பட்டியல் சும்மா கிடைக்கிறது, பயன்படுத்திக்கொள்ளுங்கள்.

ஜூன் 17

"முன்னோட்ட வீடியோ பார்த்தேன், மூன்றுமே நன்றாக இருக்கிறது" என்று எழுதியிருக்கிறீர்கள். முதல் வீடியோ எல்லா இடத்திலும் நன்றாகத்தான் இருக்கும். பத்தமடையில் பாய் வாங்கப் போனால் கரையை மட்டும் பார்த்து வாங்கமாட்டோம், விரித்து நடுவில் தடவிப் பார்ப்போம். நடுப்பாடத்தைப் பாருங்கள்.

எஸ்க்யூஎல் என்றால் நான் பார்ப்பது 'ஜாயின்', அதாவது இரண்டு அட்டவணைகளைச் சேர்க்கும் பாடம். ஒரே பாடத்தை மூன்று ஆசிரியர்களிடமும் கேட்பேன். வாங்காமல் அந்தப் பாடத்தைப் பார்க்க முடியாவிட்டால் அந்த ஆசிரியரின் யூடியூப் சேனலில் தேடுவேன், பெரும்பாலும் அங்கே ஒன்று இருக்கும்.

ஒருவர் இரண்டு வட்டம் வரைந்து, நடுவில் வண்ணம் அடித்து, இது இன்னர் ஜாயின், இது லெஃப்ட் ஜாயின் என்று ஐந்து நிமிடத்தில் முடித்துவிடுவார். பார்க்கும்போது புரிந்த மாதிரியே இருக்கும்.

இன்னொருவர் ஒரு பில் அட்டவணை, ஒரு வசூல் அட்டவணை என்று எடுத்துக்கொள்வார். ஆலைக் கணக்கையே வைத்துச் சொல்கிறேன். ரூ.40,000-க்கு அரிசி போயிருக்கிறது. கடைக்காரர் ரூ.25,000 ஒரு தடவை, ரூ.15,000 ஒரு தடவை கொடுக்கிறார். பில்லையும் வசூலையும் சேர்த்தால் அந்த ஒரே பில் இரண்டு வரியாக வரும். பில் தொகையைக் கூட்டினால் ரூ.80,000! வசூல் ரூ.40,000 சரியாகத்தான் நிற்கும், விற்பனை மட்டும் இரட்டித்துப் போகும். நல்ல ஆசிரியர் இந்தத் தப்பை வேண்டுமென்றே வரவழைத்துக் காட்டுவார். ஏன் இப்படி ஆனது என்று நம்மை யோசிக்க விடுவார். அப்புறம் வசூலை முதலில் பில் எண் வாரியாகக் கூட்டிச் சுருக்கி, அதன்பின் சேர்க்கச் சொல்வார்.

தப்பு வரும் இடத்தைக் காட்டுகிறவர் அந்த வேலையைச் செய்தவர். வட்டம் மட்டும் வரைகிறவர் செய்தவரா இல்லையா என்று அந்தப் பாடத்திலிருந்து உங்களுக்குத் தெரியாது. நான் கோர்ஸ் தேர்ந்தெடுப்பது இந்த ஒரு பாடத்தை வைத்துத்தான். அதை வைத்து எடுத்தவை எனக்குப் பலன் கொடுத்தன.

ஜூன் 18

மொழி. 'ஆங்கிலம்' என்று போட்டிருக்கும், உள்ளே போனால் பாதி இந்தி. நேரலை வகுப்புகளில் இது இன்னும் அதிகம். முன்னோட்டத்தில் பத்து நிமிடமாவது தொடர்ந்து கேளுங்கள்.

தமிழில் வேண்டும் என்று சுத்தமல்லியிலிருந்து ஒருவர் கேட்டிருக்கிறார். ஐஐடி பம்பாயின் ஸ்போக்கன் டுட்டோரியல் தளத்தில் தமிழ்க் குரலிலேயே பாடங்கள் இருக்கின்றன. எக்செல் மாதிரியே இருக்கும் லிப்ரே ஆபீஸ் கால்க், லினக்ஸ், பைத்தான் எல்லாம் உண்டு, எல்லாம் இலவசம். சின்னச் சின்னப் பாடங்கள், பார்த்துக்கொண்டே பக்கத்தில் செய்துபார்க்கும்படி அமைத்திருக்கிறார்கள். என் பயிற்சி சென்டரில் பத்தாம் வகுப்போடு நின்ற பெண்களுக்கு முதலில் அதைத்தான் போட்டுக் காட்டுகிறேன். கால்க் வந்தால் எக்செலுக்குப் பயமில்லாமல் போவார்கள்.

ஜூன் 21

நட்சத்திரம் பற்றி.

உடெமியில் ஒருவர் கொஞ்ச நேரம் பார்த்ததுமே மதிப்பீடு போடச் சொல்லிக் கேட்கும். அதனால் ஐந்து நட்சத்திரத்தில் பல, முதல் பகுதியை மட்டும் பார்த்தவர்கள் போட்டவை. 4.6-க்கும் 4.4-க்கும் வித்தியாசம் தேடி நேரம் போக்க வேண்டாம். மூன்று நட்சத்திரம் கொடுத்தவர்கள் எழுதியதைப் படியுங்கள். ஒரு நட்சத்திரக்காரர் கோபத்தில் எழுதுவார், மூன்று நட்சத்திரக்காரர் எது இருந்தது, எது இல்லை என்று எழுதுவார். 'ஆறாம் பகுதிக்குப் பிறகு பயிற்சி இல்லை' என்பது மாதிரி ஒரு வரி கிடைத்தால் போதும்.

அப்புறம் 'கடைசியாகப் புதுப்பித்தது' என்ற தேதி. பவர் பிஐ மாதாமாதம் மாறுகிறது. மூன்று வருடத்துக்கு முந்தைய வீடியோவில் இருக்கும் பட்டன் இன்று வேறு இடத்தில் இருக்கும். எஸ்க்யூஎல்லுக்கு இது பெரிய விஷயமில்லை. பத்து வருடப் பழைய எஸ்க்யூஎல் பாடம்கூட இன்றைக்கும் நிற்கும்.

பல தளங்களை ஒரே இடத்தில் ஒப்பிட கிளாஸ் சென்ட்ரல் என்று ஒரு தளம் 2011 முதல் இருக்கிறது. அங்கே பட்டியலும் படித்தவர்களின் கருத்தும் கிடைக்கும்.

ஜூன் 25

போனில் கூப்பிட்டவர் மறுபடி கூப்பிட்டாராம். 'இன்று இரவுக்குள் சேர்ந்தால் ரூ.10,000 ஸ்காலர்ஷிப்' என்றாராம். தேர்வும் வைக்காமல் மதிப்பெண்ணும் பார்க்காமல் கொடுப்பதற்கு ஸ்காலர்ஷிப் என்று பெயரா?

எனக்கு இதில் கோபம் வருவதற்குக் காரணம் உண்டு. என் சித்தி மகன் இப்படித்தான் ஒரு இடத்தில் சேர்ந்தான். 'வட்டியில்லா ஈஎம்ஐ' என்றார்கள். ஓடிபி கேட்டார்கள், சொன்னான். அது கோர்ஸ் நிறுவனத்துக்கு மாதாமாதம் கட்டும் தவணை என்று அவன் நினைத்திருந்தான். உண்மையில் அது ஒரு நிதி நிறுவனத்திடம் அவன் பெயரில் எடுத்த கடன். முழுத்தொகையும் முதலிலேயே கோர்ஸ்காரர்களுக்குப் போய்விட்டது. வகுப்பு சரியில்லை என்று நிறுத்திய பிறகும் வங்கிக் கணக்கில் பிடித்தம் நிற்கவில்லை. கணக்கில் பணம் இல்லாத மாதங்களில் அபராதம், கடன் நம்பகத்தைக் காட்டும் சிபில் மதிப்பெண்ணும் இறங்கியது. சித்தி நகையை அடகு வைத்து அடைத்தாள். அந்தப் பையன் சோம்பேறி இல்லை. காலையில் பால் சொசைட்டி வேலை முடித்துவிட்டு வந்து படித்தவன்.

அதனால் கேட்க வேண்டியவை. கடன் கொடுப்பது யார்? பாதியில் நின்றால் கடன் என்ன ஆகும்? ரூ.65,000 என்பது ஜிஎஸ்டி சேர்த்தா, சேர்க்காமலா? 18 சதவீதம் தனி என்றால் ரூ.11,700 கூடி ரூ.76,700 ஆகிறது. பணம் திரும்பத் தருவது எத்தனை நாளுக்குள், எந்த நாளிலிருந்து எண்ணுவது? சேர்ந்த நாளிலிருந்து ஏழு நாள் என்று சொல்லி, வகுப்பை எட்டாம் நாள் ஆரம்பிக்கிற இடங்களும் இருக்கின்றன.

ஜூன் 26

நேற்று எழுதியதைப் படித்துவிட்டு மூன்று பேர், 'சட்டத்தில் ஏதாவது பிடி இருக்கிறதா' என்று கேட்டிருக்கிறார்கள். இருக்கிறது.

ரிசர்வ் வங்கி 2022-இல் கொண்டுவந்து 2025-இல் புதுப்பித்த டிஜிட்டல் கடன் விதிகளின்படி, கையெழுத்துக்கு முன்பே கடனின் முழு விவரத் தாளை உங்களிடம் கொடுத்தாக வேண்டும். வருட வட்டி எவ்வளவு என்பது அதில் இருக்கும். வாங்கிய கடனை அபராதமில்லாமல் திருப்பிக் கொடுத்து விலகிக்கொள்ள ஒரு சிறு அவகாசமும் உண்டு. பொய்யான அவசரம் காட்டி விற்பதை ஏமாற்று உத்தி என்று மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2023 நவம்பரில் பட்டியலிட்டுத் தடை செய்திருக்கிறது. பயிற்சி மையங்கள் வேலைக்கோ தேர்ச்சிக்கோ உத்தரவாதம் என்று விளம்பரம் செய்வதற்கு எதிராகவும் 2024 நவம்பரில் அதே ஆணையம் நெறிமுறை வெளியிட்டது.

புகாருக்குத் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. என் சித்தி மகன் விஷயத்தில் அந்த எண்ணில் பதிந்த பிறகுதான் அந்த நிறுவனம் போனையே எடுத்தது. பணம் முழுசாகத் திரும்பவில்லை, ஒரு பகுதி வந்தது. சேரும்போது வந்த வாட்ஸ்அப் செய்திகளை அவன் அழிக்காமல் வைத்திருந்தது உதவியது.

ஜூலை 1

என்பிடெல் பற்றி ஏன் சொல்லவில்லை என்று பாளையங்கோட்டையிலிருந்து ஒரு கல்லூரி ஆசிரியர் கேட்கிறார். நியாயமான கேள்வி. ஐஐடிகளும் பெங்களூரு ஐஐஎஸ்சியும் சேர்ந்து 2003-இல் ஆரம்பித்த ஆன்லைன் பாடத் தளம் அது. 2014 முதல் தேர்வும் சான்றிதழும் உண்டு. பாடம் கேட்பது இலவசம். சான்றிதழ் வேண்டுமென்றால் மட்டும் ரூ.1,000 தேர்வுக் கட்டணம், பட்டியல் சாதி, பழங்குடி, மாற்றுத்திறனாளிகளுக்குப் பாதி. வாராந்திரப் பயிற்சிக்கு 25 மதிப்பெண், நேரில் போய் எழுதும் தேர்வுக்கு 75. பயிற்சியில் 25-க்கு 10-ம், தேர்வில் 75-க்கு 30-ம் எடுக்க வேண்டும்.

நான் ஒன்று எழுதினேன். ஹால் டிக்கெட், அடையாள அட்டை, கண்காணிப்பாளர் என்று எல்லாம் முறையாக நடந்தது. வீட்டில் இருந்தபடியே கிளிக் செய்து வாங்கும் சான்றிதழுக்கும் இதற்கும் வித்தியாசம் இருக்கிறது. வேலைக்கு எடுப்பவர்களுக்கும் அது தெரியும். பல பாடங்களுக்குத் தமிழில் எழுத்துவடிவமும் கிடைக்கிறது.

ஆனால் தங்கச்சிக்கு நான் முதலில் இதைச் சொல்லாததற்குக் காரணம், இது கல்லூரிப் பாடத்தின் வேகத்தில், கல்லூரிப் பாடமாகவே போகும். புள்ளியியல் அடிப்படை வேண்டுமென்றால் இதுதான் இடம். பவர் பிஐ பழக வேண்டுமென்றால் இங்கே போய்த் தேட வேண்டியதில்லை. கல்லூரியில் படித்துக்கொண்டிருக்கும் பிள்ளைகள் என்றால் 2022 முதல் நடக்கும் நான் முதல்வன் திட்டத்தில் உங்கள் கல்லூரிக்கு என்ன ஒதுக்கியிருக்கிறார்கள் என்று கேட்டுவிட்டுப் பிறகு காசு செலவழியுங்கள்.

ஜூலை 3

மகன் ஆன்லைன் எம்பிஏ சேர இருப்பதாக எழுதிய கடையம் அண்ணாச்சிக்கு: அது கோர்ஸ் இல்லை, பட்டம். அதற்கு விதி வேறு. ஆன்லைன் எம்பிஏ என்று விற்கிறவர்கள் யாராக இருந்தாலும், பட்டம் கொடுப்பது பல்கலைக்கழகம்தான். அந்தப் பல்கலைக்கழகத்துக்கு, அந்தப் படிப்புக்கு, இந்த வருடத்துக்கு அனுமதி இருக்கிறதா என்று பல்கலைக்கழக மானியக் குழுவான யுஜிசியின் தொலைதூரக் கல்விப் பிரிவுத் தளத்தில் பாருங்கள் அண்ணாச்சி. மூன்றும் பொருந்த வேண்டும். அனுமதி பெற்ற ஆன்லைன் பட்டம் நேரில் படித்த பட்டத்துக்குச் சமம் என்று யுஜிசி 2022-இல் அறிவித்திருக்கிறது. அனுமதி இல்லாததற்கு அந்த மதிப்பு இல்லை. ஏஜென்ட் காட்டும் பிடிஎஃப்பை நம்ப வேண்டாம், நீங்களே தளத்தைத் திறந்து பாருங்கள்.

ஜூலை 8

இன்றைக்கு நெல்லை டவுனில் ஆனித் தேர், சென்டருக்கு லீவு. எழுத நேரம் கிடைத்தது.

கோர்ஸ்களில் வரும் 'புராஜெக்ட்' பற்றி. பயிற்சித் தரவாகப் பாதிக் கோர்ஸ்களில் டைட்டானிக் கப்பல் பயணிகள் பட்டியல், மீதியில் சூப்பர்ஸ்டோர் என்ற கடையின் விற்பனை. நேர்முகத் தேர்வில் உட்கார்ந்திருப்பவர் அந்த இரண்டையும் பார்த்துப் பார்த்துச் சலித்துப் போயிருப்பார். புராஜெக்டுக்குச் சொந்தத் தரவு கொண்டுவரலாமா என்று வாங்குமுன் கேளுங்கள். கொண்டுவரலாம், பார்த்துத் திருத்துவோம் என்று சொல்லும் கோர்ஸ் உசத்தி.

நம்மூர்த் தரவுக்குப் பஞ்சமா? பாபநாசம் அணையின் முழு மட்டம் 143 அடி, சேர்வலாறு 156, மணிமுத்தாறு 118. தினமும் நீர்மட்டம், வரத்து, வெளியேற்றம் பேப்பரில் வருகிறது. என்னிடம் படித்த ஒரு பெண் அதை நாள்வாரியாக எக்செலில் ஏற்றி, சாரல் பிடிக்கும் வாரங்களில் வரத்து எப்படி ஏறுகிறது, கார் நெல் சாகுபடிக்குத் தண்ணீர் திறந்ததும் மட்டம் எப்படி நகர்கிறது என்று பவர் பிஐயில் போட்டாள். தேதி விடுபட்ட நாட்கள், 'கனஅடி' என்று எண்ணோடு ஒட்டிக் கிடந்த எழுத்துகள் எல்லாவற்றையும் அவளே சுத்தம் செய்தாள். நேர்முகத் தேர்வில் அரை மணி நேரம் அதைப் பற்றியே பேசினார்களாம். எந்தக் கோர்ஸ் படித்தாள் என்று யாரும் கேட்கவில்லை.

ஜூலை 12

சங்கரன்கோவிலிலிருந்து ஒருவர் மறுத்து எழுதியிருக்கிறார். பெரிய தொகை கொடுத்துத்தான் படித்தாராம், ஒரு பைசாவும் வீண் இல்லை என்கிறார். வாராவாரம் ஒரு மென்டர், அதாவது வழிகாட்டி, அவர் எழுதிய எஸ்க்யூஎல்லை வரி வரியாகப் பார்த்து, திருப்பி எழுதச் சொன்னாராம்.

இதை வரவேற்கிறேன். விலை கூடினாலே தப்பு என்று நான் எங்கும் சொல்லவில்லை. திருத்த ஆள் இருந்தால் கொடுக்கலாம் என்றுதான் முதல் நாளே எழுதினேன். அவர் சொன்ன பிறகு இன்னும் ஒன்று கேட்கலாம் என்று தோன்றுகிறது: ஒரு மென்டருக்கு எத்தனை மாணவர்கள்? இருநூறு பேருக்கு ஒருவர் என்றால் பெயருக்குத்தான் மென்டர். இப்போது படித்துக்கொண்டிருக்கும் இருவரிடம் பேச வேண்டும் என்றும் கேளுங்கள். வேலை கிடைத்துப் போனவர்களை அவர்களே தேர்ந்தெடுத்துக் காட்டுவார்கள். நமக்கு வேண்டியது இன்றைக்கு வகுப்பில் உட்கார்ந்திருப்பவர்.

நேரலை வகுப்பென்றால் பதிவு கிடைக்குமா, எத்தனை மாதம் கிடைக்கும் என்பதும் முக்கியம். நம்மூரில் மாதாந்திரப் பராமரிப்பு என்று காலையில் கரண்ட் நின்றால் மதியம்தான் வரும்.

ஜூலை 19

வீரவநல்லூர்த் தங்கச்சி பதில் எழுதியிருக்கிறார். அந்த ரூ.65,000 நிறுவனத்திடம் நான்கு கேள்விகளை மின்னஞ்சலில் அனுப்பினாராம். பதில் மின்னஞ்சலில் வரவில்லை, போன்தான் வந்ததாம். விட்டுவிட்டார். ஜாயின் பாடத்தை வைத்துப் பார்த்து உடெமியில் வேறொரு கோர்ஸை எடுத்திருக்கிறார், முதலில் பார்த்தது இல்லை. நல்ல தேர்வு.

இரண்டு விஷயம். உடெமியில் பணம் திரும்பக் கேட்க 30 நாள் இருக்கிறது, ஆனால் கோர்ஸில் பெரும்பகுதியைப் பார்த்துவிட்டோ இறக்கிக்கொண்டோ கேட்டால் மறுக்கலாம். அதனால் முதல் வாரத்திலேயே கடினமான பகுதிக்குப் போய்ப் பாருங்கள். கோர்செரா பிறகு வேண்டுமென்றால், ஏழு நாள் இலவசக் காலம் முடியுமுன் ரத்து செய்யாவிட்டால் சந்தா தானாகப் பிடித்துவிடும். சந்தா ஓடும்போது மாதம் முழுக்க நேரம் இருக்க வேண்டும், ஆடிட்டர் ஆபீசில் செப்டம்பர், அக்டோபர் எப்படி இருக்கும் என்று உங்களுக்கே தெரியும். ஆலையில் இருந்தபோது மார்ச் வருமுன் நான் சந்தாவை நிறுத்திவிடுவேன், ஏப்ரல் பாதியில் மறுபடி தொடங்குவேன். பொருளாதார உதவிக்கும் அங்கே விண்ணப்பிக்கலாம், பதில் வர இரண்டு வாரத்துக்கு மேல் ஆகும், எல்லோருக்கும் முழுத் தள்ளுபடி கிடைக்கும் என்றில்லை.

திருத்த ஆள் வேண்டும் என்றேன் அல்லவா. உங்கள் ஆபீசிலேயே வருடக்கணக்காக எக்செலில் ஊறிய சீனியர் ஒருவர் இருப்பார். வாரம் ஒரு தடவை நீங்கள் செய்ததைக் காட்டிக் கேளுங்கள். இல்லையென்றால் சனிக்கிழமை மதியம் அம்பாசமுத்திரத்துக்கு வாருங்கள், நான் பார்க்கிறேன். காசு வேண்டாம்.

லேப்டாப் பற்றிக் கேட்டிருந்தீர்கள்: பவர் பிஐ டெஸ்க்டாப் இலவசம், விண்டோஸில் மட்டும்தான் ஓடும். அண்ணனின் பழைய லேப்டாப்பில் 4 ஜிபி ரேம் இருந்தால் திறக்கும், ஆனால் இழுக்கும். 8 ஜிபி ஆக்கிவிட்டுத் தொடங்குங்கள்.